முத்திரையும் வாட்டர்மார்க்கும்

காதுக்குக் கேட்காத அடையாளத்தைப் பாட்டுக்குள்ள பதிச்சு, திருட்டு நடந்தா காட்டிக் கொடுக்க வைக்கிறதுதான் டிஜிட்டல் வாட்டர்மார்க். பொட்டி தட்டுற நாமெல்லாம் இதைப் புது சரக்குன்னு நினைக்கிறோம். எங்க ராமநாதபுரம் சீமைப் பக்கம் வந்து பாருங்க மக்களே.

முத்துசாமி தீட்சிதர் (1775-1835) ராமேஸ்வரம் சாமி மேல பாடின 'ராமநாதம் பஜேஹம்'ல 'குருகுஹ'ன்னு அவர் முத்திரை இருக்கு. அப்போ இங்க காப்பிரைட் சட்டமே கிடையாது. பாட்டு வாய்வழியா பரவுச்சு. கூடவே கையெழுத்தும் போச்சு. உருவினா சந்தமும் அர்த்தமும் சேர்ந்து உடையும். இன்னைய வாட்டர்மார்க் கொள்கையும் இதேதான்!

அடுத்து நம்ம ஊர் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860-1919). சேதுபதி அரண்மனை வித்வான், அரியக்குடியோட குரு. முத்திரை 'ஸ்ரீனிவாச'. இவரோட குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயருக்கு 'வேங்கடேச'.

ஓட்டையும் உண்டு. தியாகராஜர் முத்திரையோட உலாவுற சில பாட்டு அவரோடது இல்லைங்கறாங்க ஆராய்ச்சியாளர்கள். அதாவது ஃபோர்ஜரி :-)

ஒளிச்சு வச்சா மட்டும் தப்பிக்குமா? 2000 செப்டம்பர்ல எஸ்.டி.எம்.ஐ.ங்கிற இசைத்துறைக் கூட்டமைப்பு, 'எங்க வாட்டர்மார்க்கை உடைங்க பார்ப்போம்'னு சவால் விட்டுச்சு. பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் குழு உடைச்சே காட்டினாங்க. 2001 ஏப்ரல்ல 'கட்டுரையை வெளியிடாதே'ன்னு மிரட்டல் கடிதம் வந்தது, ஆகஸ்ட்ல வாசிச்சுட்டாங்க.

என் ஓட்டு, வெளிப்படையா ஒலிக்கிற முத்திரைக்குத்தான். என்ன, அது பெரும்பாலும் சரணத்துல வரும். பல்லவியை மட்டும் முப்பது செகண்ட் வெட்டி ரிங்டோனா போட்டா, பூச்சி ஐயங்கார் பேரு அங்கேயே போச்சு.