கடல் பதப்படுத்திய கசப்பு

இந்தியாவின் பெயரைத் தாங்கி உலகெங்கும் விற்பனையாகும் பண்டங்களுள் ஒன்று, இந்தியர் காய்ச்சாததும் நெடுங்காலம் இந்தியருள் மிகச் சிலரே சுவைத்ததுமான ஒரு மது என்றால் நம்புவது கடினம். 'இந்தியா பேல் ஏல்' என்பது அதன் பெயர். வெளிர்நிறமும் மிகுந்த கசப்பும் உடைய, சாதாரண பீரினும் வலிமை கூடிய பார்லி மது அது. ஆவடியில் வாழும் நமக்கு அதன் வரலாறு முற்றிலும் அயல்நாட்டுக் கதை அன்று. நமக்குத் தெற்கே உள்ள பூந்தமல்லியும் கிழக்கே கடலோரத்து இராயபுரமும் அக்கதையில் இடம்பெறுகின்றன.

மதுவைப் பற்றி நம் இதழில் எழுதுவதா என முகம் சுளிப்போர் இருக்கலாம். குடியால் நலிந்த இல்லங்களை நம் பங்குகளில் அன்றாடம் காண்கிறோம். அந்தக் கண்ணீரை நாம் மறக்கவில்லை. எனினும், கானாவூர்த் திருமணத்தை ஆண்டுதோறும் வாசிக்கும் நாம், ஒரு பானத்தின் வரலாற்றை அறிய அஞ்ச வேண்டுவதில்லை.

இன்று இம்மது பீர் ஆலைகளில் மட்டுமன்றி மேலைநாட்டு வீடுகளின் சமையலறையிலும் உருவாகிறது. வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் பெறவேண்டும் என்ற விதியை இங்கிலாந்து 1963-ல் நீக்கியது. அமெரிக்கக் கூட்டரசு 1978-ல் அதற்கான சட்டத்தை இயற்றியது. அதன்பின் பெட்டிகளில் மூலப்பொருள்கள் கடைக்கு வந்தன. முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாற்றைத் தேன்போல் இறுகக் காய்ச்சி டின்னில் அடைத்திருப்பார்கள். உடன் ஒரு சிறு பொட்டலம் ஈஸ்ட், சில பெட்டிகளில் ஹாப் என்னும் கொடியின் பூங்காய்களும் இருக்கும். பாகை வெந்நீரில் கரைத்து, குளிர்ந்த நீர் ஊற்றி ஏறத்தாழ 23 லிட்டராக்கி, சூடு தணிந்ததும் ஈஸ்ட்டைத் தூவி மூடவேண்டும். 18 முதல் 22 பாகை வெப்பம் ஏற்றது. வலிமை மிக்க வகைக்குப் பாகு இரு பங்கு தேவைப்படும். ஓரிரு வாரத்தில் நுரை அடங்கும். பின் சிறிது சர்க்கரையுடன் புட்டியில் அடைத்து மேலும் சில வாரம் பொறுத்திருந்தால் மது தயார். இதில் பாதி வேலை பாத்திரம் கழுவுவதுதான் என்பார்கள். ஓர் அழுக்குக் குழாய் போதும், அத்தனையும் காடியாகிவிடும்.

அயல்நாட்டில் குடியேறிய உறவினர் ஒருவரின் இல்லத்தில் அதைச் சுவைக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. முதலில் எழுவது நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறியதுபோன்ற மணம். நாவில் பட்டதும் மெல்லிய இனிப்பு. அதை விழுங்கி முடிப்பதற்குள் நிலவேம்புக் கஷாயத்தை நினைவூட்டும் கசப்பு தொண்டையில் ஏறி நெடுநேரம் நின்றது. முதல் மிடறிலேயே மயங்கிப் போற்றும் பானம் இதுவன்று என்பது நம் கருத்து. ஆனால், இத்தனை கசப்பை ஏன் விரும்பிச் சேர்த்தார்கள் என்ற கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

விடையின் ஒரு பகுதி துறவு மடங்களில் இருக்கிறது. பிரான்சு நாட்டின் கோர்பி மடத்து அதிபர் அதல்ஹார்டு 822-ல் வகுத்த ஒழுங்குகளில் ஹாப் பற்றிய குறிப்பு வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் பிங்கன் நகரப் புனித ஹில்டகார்டு, இக்கொடி மனிதனுக்கு அத்துணை நன்மை தருவதன்று, துயர உணர்வை மிகுவிப்பது எனக் கருதினார். ஆயினும் அதன் கசப்பு பானங்களைக் கெடாமல் நெடுநாள் காக்கும் என்பதையும் தம் இயற்கை மருத்துவ நூலில் பதிந்தார். 2012-ல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட அதே ஹில்டகார்டுதான். அவர் கண்டது சரியே. ஹாப்பைக் கொதிக்க வைக்கும்போது அதிலுள்ள கசப்பு அமிலங்கள் உருமாறி, பானத்தைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்களுள் பலவற்றை வளரவிடாமல் தடுக்கின்றன. ஈஸ்ட்டுக்கு அவை தீங்கு செய்வதில்லை. ஆகக் கசப்பு முதலில் சுவைக்காக மட்டும் வந்ததன்று. நாம் ஊறுகாய்க்கு உப்பிடுவதுபோல அது ஒரு காவல்.

நெடும்பயணத்துக்கு இக்காவல் மிகவும் வேண்டியிருந்தது. இலண்டனின் கிழக்கே லீ ஆற்றங்கரையில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் என்பவர் 1752-ல் பீர் ஆலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை அருகிலேயே இருந்தது. கப்பல் தலைவர்கள் சொந்த வாணிபமாகச் சரக்குகளை ஏற்றிச் செல்லலாம். அவர்களுக்கு ஹாட்ஜ்சன் குடும்பத்தார் பதினெட்டு மாதத் தவணையில் பீர் கொடுத்தார்கள். இந்தியாவுக்குச் செல்லும் பீர் வழியிலேயே கெட்டது, அதைத் தடுக்க ஹாட்ஜ்சன் புதுவகை மதுவைக் கண்டுபிடித்தார் என்று பல நூல்கள் இன்றும் எழுதுகின்றன. பீர் வரலாற்றாய்வாளர் மார்ட்டின் கார்னெல் போன்றோர் பழைய விளம்பரங்களையும் ஏடுகளையும் துருவி இக்கதையை மறுத்துள்ளனர். போர்ட்டர் என்னும் கருநிற பீரும் பெருமளவில் இந்தியா வந்தது, கெடாமலே வந்தது. ஹாட்ஜ்சன் அனுப்பியதோ, ஆங்கில நிலக்கிழார்கள் அக்டோபர் மாதத்தில் காய்ச்சி நிலவறையில் ஆண்டுக்கணக்கில் முதிரவிடும் பழைய வகை மதுவையொத்தது. அருகில் துறையும் நீண்ட தவணையும் அவருக்கு வாய்த்தன. கண்டுபிடிப்பு ஏதும் தேவைப்படவில்லை.

புதுமை செய்தது கடல். பீப்பாய்கள் நான்கு முதல் ஆறு மாதம் கப்பலின் அடித்தளத்தில் உருண்டும் குலுங்கியும், நிலநடுக்கோட்டை இருமுறை கடந்தும், நன்னம்பிக்கை முனையைச் சுற்றியும் வந்தன. வெப்பமும் அசைவும் சேர்ந்து, நிலவறையில் ஆண்டுகள் எடுக்கும் முதிர்ச்சியைச் சில மாதங்களில் தந்தன. பீப்பாயின் மரத்தில் தங்கி மெதுவாக வேலை செய்யும் இன்னொரு வகை ஈஸ்ட்டையும் 1904-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் கிளாஸன் இனம்கண்டார். ஆங்கில மது முதிர்வதன் மறைபொருள் அதன்பின்னரே விளங்கிற்று.

1820-களில் ஹாட்ஜ்சன் குடும்பத்தார் விலையை ஏற்றித் தவணையை நிறுத்தியபோது கம்பெனியாருக்குக் கசந்தது. அக்கம்பெனியின் இயக்குநருள் ஒருவரான மார்ஜோரிபேங்க்ஸ் 1822-ல் பர்ட்டன் நகரின் ஆல்சோப்பை அழைத்து இவ்வாணிபத்தில் இறங்கத் தூண்டினார். ஆல்சோப்பின் பணியாளர் தேநீர்க் கெண்டி ஒன்றில் மாதிரியைக் காய்ச்சிப் பார்த்தார் என்பது வழிவழிச் செய்தி. அப்படியானால், வீட்டு அடுப்பில் இம்மதுவைக் காய்ச்ச முயலும் இன்றையோரின் முன்னோடி அக்கெண்டிதான்! பர்ட்டனின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அது கசப்பைத் தெளிவாக்கியது. சில ஆண்டுகளில் ஹாட்ஜ்சனின் இடத்தை ஆல்சோப்பும் பாஸும் பிடித்தனர்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். அன்றைய சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் அலைக்கப்பால் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. ஆணி அறைந்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். அவற்றைச் செலுத்தியோருள் கத்தோலிக்கப் படகோட்டிகள் பலர். இராயபுரம் என்ற பெயரே இராயப்பரின் பெயர். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயத்தைக் குருகுல வம்சப் படகோட்டிகள் 1829-ல் எழுப்பினர். அதே 1829-ல்தான் சிட்னி நகரச் செய்தித்தாள் விளம்பரம் ஒன்றில் 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் அச்சில் காணக் கிடைக்கிறது. இதுவரை அறிந்தவற்றுள் பழைய பதிவு அதுவே. பீப்பாய்களையும் வைக்கோல் சுற்றிய புட்டிப் பெட்டிகளையும் அலைகளினூடே கொணர்ந்த கரங்களைப் பற்றி அம்மதுவின் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. நமக்கு அது பெருங்குறையாகவே படுகிறது.

கரைசேர்ந்த மது யாரிடம் சென்றது? வெளிர்நிற மது அதிகாரிகளின் மேசைக்கும் வணிகரின் தோட்டமாளிகைக்கும் சென்றது. ஈரத்துணி சுற்றிக் குளிர்வித்துப் பருகினர். 1842-ல் அமெரிக்கர் பிரெடரிக் டியூடர் கடற்கரையில் பனிக்கட்டிக் கிடங்கு கட்டியபின் பாஸ்டன் ஏரிகளின் பனிக்கட்டியும் துணை வந்தது. இன்றைய விவேகானந்தர் இல்லம் அக்கிடங்கே. சாதாரணப் படைவீரனின் நிலை வேறு. கப்பலிலிருந்து இறங்கிய ஐரோப்பியப் படைவீரர் பூந்தமல்லி டெப்போவுக்கு அனுப்பப்பட்டனர். நோயுற்றுத் தேறுவோரும் அங்கே தங்கினர். 1857-க்கு முந்தைய கம்பெனியின் ஐரோப்பியப் படையில் ஏறத்தாழப் பாதிப்பேர் அயர்லாந்தினர், அவர்களுள் கத்தோலிக்கர் மிகுதி. அவ்வீரனுக்குக் கிடைத்த பீர் போர்ட்டர்தான். அதைவிட எளிதாகவும் மலிவாகவும் கிடைத்தது உள்ளூர்ச் சாராயம். ஊர் விட்டு ஊர் வந்து, வெப்பத்திலும் காய்ச்சலிலும் தவித்து, செய்வதற்கு வேலையின்றி முகாமில் கிடந்த இளைஞனை அது என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுமா? அயர்லாந்தின் கார்க் நகரில் தந்தை மத்தேயு 1838-ல் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் இலட்சக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்த காலமும் இதுவே.

பின்னர் எல்லாம் விரைந்து மாறிற்று. 1856 ஜூலை 1-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னகத்தின் முதல் இரயில் ஓடியது. அப்பாதை நம் ஆவடி வழியாகவே செல்கிறது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து கடல்வழி சுருங்கியது. மலைநகரங்களின் குளிரை நம்பி உள்நாட்டிலேயே ஆலைகள் எழுந்தன; தென்னகத்தின் ஐந்து ஆலைகளை ஸ்காட்லாந்தினர் தாமஸ் லீஷ்மன் 1915-ல் யுனைடெட் புரூவரீஸ் என ஒன்றாக்கினார். இயந்திரக் குளிர்ச்சி வந்ததும் மென்மையான லாகர் பீர் கசப்பு மதுவை ஓரங்கட்டியது. இந்தியா மறந்த அதை 1970-களுக்குப் பின் அமெரிக்கர் புதுவகை ஹாப்களைக் கொண்டு மீட்டெடுத்தனர். கோடையின் நீண்ட பகற்பொழுதை வேண்டும் ஹாப் கொடி நம் தமிழ் மண்ணில் செழிப்பதில்லை. இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஓரளவு பயிராகிறது.

தமிழகத்தில் வீட்டில் மது காய்ச்சுவது புதிய செய்தி அன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வழிச்செல்லும் பாணனுக்கு வலைஞர் குடியிருப்பில் கிடைக்கும் விருந்தைச் சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றி, முளைநெல்லை இடித்துக் கலந்து, சாடியில் இருபகல் இரவு வைத்து எடுத்த மதுவும் சுட்ட மீனும் அவ்விருந்து. முளைத்த தானியம் மாவை இனிப்பாக்கும் என்ற அறிவே இன்றைய பார்லிப் பாகுக்கும் அடிப்படை. அதே நூலில் வீட்டில் சமைத்த நெல்மதுவான தோப்பியும் பேசப்படுகிறது. நம் தொண்டை நாட்டு வலைஞர் அறிந்த கலை, இராயபுரத்துப் படகோட்டிகள் அயல்நாட்டுப் பீப்பாய்களைச் சுமந்த காலத்தில் எங்கே போயிற்று? 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் மதுவடிப்பையும் கள் இறக்குதலையும் உரிமத்துக்கும் வரிக்கும் உட்படுத்தியது. 1937-ல் இராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது, 1948-ல் அது மாகாணம் முழுதும் பரவியது, 1971-ல் தளர்ந்தது. 1987 முதல் கள் தடைசெய்யப்பட்டுள்ளது. 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக் சில்லறைக் கடைகளை நடத்திவருகிறது. பீர் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. அனுமதியின்றி மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே அந்தப் பெட்டியை ஆவடியில் ஒருவர் திறந்து தம் அடுப்பில் பாகைக் கரைத்தால், வலைஞர் பெண்டிரின் சாடிக்கு உறவான அச்செயலுக்காக அவர் நீதிமன்றம் ஏற நேரிடும்.