எலிஹு யேல்: வரவும் பற்றும்

2023ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் நின்ற ஒரு கல்லறையை வேறிடத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டார். மதராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட்டும், ஜோசப் ஹின்மர் என்பவரும் அடங்கிய கல்லறை அது. 2020இல் அமெரிக்காவில் கொலம்பஸ் சிலைகள் சாய்க்கப்பட்டபோது எழுந்த அதே கேள்வி, இவ்வாறு நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. கடல் கடந்து வந்தவர்கள் விட்டுச் சென்றதை எவ்விதம் மதிப்பிடுவது?

அத்திப்பட்டிலிருந்து மின்ரயிலில் கடற்கரை நிலையம் வந்திறங்கினால் அந்த வளாகம் நடை தூரம்தான். ஆயினும், அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தின் பெயருக்கும் நம் கோட்டைக்கும் உள்ள உறவை என் மாணவர்களுள் அநேகர் அறிந்திருக்கவில்லை.

யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தார். சிறு வயதிலேயே இங்கிலாந்து சென்றார். 1672இல் கம்பெனியின் எழுத்தராக மதராஸ் வந்து, 1687இல் கவர்னரானார். சென்னை மாநகராட்சி 1688இல் உருவானது அவருடைய ஆட்சிக் காலத்தில்தான். சொந்த வணிகத்தில் முறைகேடு செய்தார் என்ற புகார்களின் நடுவே 1692இல் பதவியிழந்தார். 1718இல் அமெரிக்கக் கல்லூரியொன்றுக்கு 417 நூல்களும் ஒன்பது பொதிச் சரக்கும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விலைபோயிற்று. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

இது வரவு. பற்றும் உண்டு. 1680களின் பஞ்சத்தில் பசித்த மக்கள் இக்கரையில் அடிமைகளாக விற்கப்பட்டனர். கம்பெனியின் அவ்விற்பனைகளை மேற்பார்த்த அதிகாரிகளுள் யேலும் ஒருவர். அத்திப்பட்டுக்கு வடக்கே பழவேற்காட்டிலிருந்து டச்சுக்காரர்களும் மனிதர்களைப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினர். 1688இல் மதராசில் அடிமை ஏற்றுமதியைத் தடை செய்ததும் யேல் காலத்து நிர்வாகமே எனச் சிலர் வாதிடுவர். உண்மைதான். ஆனால் முகலாய அதிகாரத்தின் ஆட்சேபம் அத்தடைக்குப் பின்னே இருந்தது. கருணையே காரணம் என்று கொள்ள இயலாது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்படியானால் அந்த நன்கொடை யாருடைய காசு ஐயா?"

இக்கேள்வியே சரியான தராசு என்று எனக்குப் படுகிறது. யேல் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்பெழுதுவதில் பெரிய பயனில்லை. அவருடைய செல்வம் இக்கரையின் வணிகத்தில் விளைந்தது. கொடுத்தவர் பெயர் நிலைத்தது. அச்செல்வத்துக்காக உழைத்தவர்கள், விற்கப்பட்டவர்கள் பெயர்கள் நிலைக்கவில்லை.

யேல் பல்கலைக்கழகம், அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024இல் முறைப்படி மன்னிப்புக் கோரியது. நம் பங்கு பாக்கியிருக்கிறது. நான்கு வயது நிறையாமல் இறந்த ஒரு குழந்தையின் கல்லறையைப் பெயர்ப்பதால் எந்தக் கடனும் தீராது. இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட பெயரற்றவர்களுக்கும் அதனருகே ஒரு கல் நட்டால், நடுகல் மரபில் வந்த நமக்கு அது பொருத்தமான செயலாக இருக்கும்.