முதுகுப் பக்கம்

ஆயில் பெயின்டிங்கை எல்லாரும் முன்னால் நின்றுதான் ரசிக்கிறோம். ரவி வர்மாவின் பட்டுச்சேலை மடிப்பு, நகையின் மினுக்கு. அந்தச் சட்டத்தைக் கழற்றித் திருப்பினால்? வெறும் கித்தான் துணி. முன்பக்கத்துக்கு வார்னிஷ் காவல். பின்பக்கத்துக்கு யாரும் இல்லை. மழைக்காலத்தில் சுவரின் ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. துணி விறைத்துத் தளர்ந்து அசைய, அதோடு சேர்ந்து அசைய முடியாத வண்ணப் படலம் வெடிக்கிறது. அதனால்தான் மியூசியங்களில் சட்டத்தின் பின்னால் ஒரு பலகையைத் திருகி வைக்கிறார்கள். சுவரையொட்டிக் கொஞ்சம் காற்றுக்கும் இடம் விடுகிறார்கள். எளிய வைத்தியம்.

தோல் பைண்டிங் போட்ட புத்தகத்துக்குக் கதை தலைகீழ். அலமாரியில் அது முதுகை மட்டுமே வெளியே காட்டி நிற்கிறது. வெளிச்சம், புகை, காற்று எல்லாம் முதுகுக்குத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் நூலகங்களில் அந்த முதுகுகள் உதிர ஆரம்பித்தன. தொட்டால் கையெல்லாம் செம்பொடி. கேஸ் விளக்கின் கந்தகம் தோலைக் கெடுக்கிறது என்று 1843-லேயே மைக்கேல் ஃபாரடே சொல்லியிருந்தார். ஆனால் பழைய தோல் தாங்கியதே, புதுத்தோல் ஏன் தாங்கவில்லை? விடை தேட லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் 1900-இல் ஒரு குழு போட்டது. 1905-இல் நூலாக வந்த அறிக்கையின் விரல் நம்ம ஊர்ப் பக்கமும் நீண்டது.

காரணம் ஆவாரம் பட்டை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி உட்பட சென்னை மாகாணம் முழுக்க ஆட்டுத்தோலை அதில்தான் பதனிட்டார்கள். கூடவே கடுக்காய், புங்க எண்ணெய். அந்தத் தோல் மெருகேற்றப்படாமலே 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் கப்பல் ஏறும். லண்டன் பைண்டர்கள் அதற்கு வைத்த பெயர் 'பெர்ஷியன்'. பாரசீகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! சூமாக் இலையில் பதனிட்ட தோல் நிற்கும், ஆவாரம் பட்டைத் தோல் நூலுக்கு ஆகாது என்றது குழு. வேதியியல்படி அது பொய்யில்லை. ஆவாரம் பட்டையின் டேனின் வகை கந்தகப் புகையை எளிதாக உறிஞ்சிக்கொள்ளும். அது அமிலமாகித் தோலைத் தின்னும்.

அதே அறிக்கையில் இன்னொரு குற்றவாளியும் உண்டு. பளிச்சென்ற நிறம் வர இங்கிலாந்துச் சாயப்பட்டறைகள் தோலில் சேர்த்த கந்தக அமிலம். அதற்கு முன் நம்ம தோலை அங்கே அலசி, மூலப் பதனத்தையே உருவி, மறுபடி பதனிடுவதும் உண்டு. தோலில் இருக்கும் சில உப்புகளே அதற்குக் காவல், அலசினால் அவை போய்விடும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆக, பின்பலகையைக் கழற்றி எறிந்தது யார்? பழி மட்டும் ஆவாரம் செடிக்கு.

1970-களில் சீதாராமையா குழுவுக்குப் பிறகு, பாதி வேலை முடிந்த தோலை அப்படியே ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தது. முழுதாய் முடித்த தோலும் ஷூவும்தான் இனி காசு. மரப்பட்டை பின்னுக்குப் போய் குரோமியம் முன்னுக்கு வந்தது. சீக்கிரம் முடியும், மென்மையாகவும் இருக்கும். ஷூவின் முகம் பளபளத்தது. அதன் முதுகுப் பக்கம் பாலாறு. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் கிணறுகளுக்குள் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஓவியத்துக்கு வைப்பதுபோல ஒரு பலகையை ஆற்றுக்கு வைக்க முடியாது. முன்கூட்டியே தடுப்பதுதான் ஒரே காப்பு என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

வீட்டில் பழைய தோல் பைண்டிங் புத்தகம் உதிர்கிறதா? எண்ணெய் தடவாதீர்கள்; உதிர்ந்த தோல் அதில் மீளாது. அமிலமில்லாத அட்டையில் ஒரு பெட்டி செய்து உள்ளே வையுங்கள். விரலில் ஒட்டும் செம்பொடியில் கொஞ்சம் ஆவாரம் பட்டையும் கொஞ்சம் லண்டன் புகையும் இருக்கலாம்.