எட்டு மூலைகளின் சரித்திரம்

1954-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளின் துறையிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாவன் துறைமுகத்துக்கு ‘வாரியர்’ என்னும் கப்பல் ஒன்று ராணுவச் சரக்குகளை ஏற்றிச் சென்றது. அந்நாளில் எத்தனையோ கப்பல்கள் இடைவிடாது செய்துவந்த சாதாரண யாத்திரைதான் அது. ஆயினும் அதில் ஏறிய ஒவ்வொரு பொருளையும், அதைத் தூக்கி வைக்கப் பிடித்த நேரத்தையும், அதற்கு ஆன செலவையும் ஆராய்ச்சியாளர்கள் சிலர் உடனிருந்து கணக்கெழுதி வைத்தபடியால், பழைய கப்பல் வாணிபத்தின் அந்தரங்கம் முழுவதும் அந்த ஒரு கணக்கிலேயே நமக்கு வெளிப்படையாகிவிடுகிறது. சுமார் 5,000 டன் எடையுள்ள அந்தச் சரக்கில் 1,94,582 உருப்படிகள் இருந்தன. அவை 151 ஊர்களிலிருந்து 1,156 தனித்தனி அனுப்பீடுகளாக வந்து சேர்ந்தவை. பெட்டி, சாக்கு, பீப்பாய், கட்டு, வண்டி என்று வடிவிலும் கனத்திலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அந்தச் சாமான்களுள் முதலில் வந்தவை, கப்பல் புறப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே துறையில் காத்துக் கிடந்தன. ஏற்றி முடிக்க ஆறு நாள். அட்லாண்டிக்கைக் கடக்கப் பத்தரை நாள். இரவு பகலாக ஆட்கள் முறைவைத்து உழைத்தும் இறக்க நான்கு நாள். கப்பலுக்குள் சரக்குகள் உருளாமல் இருப்பதற்காக முட்டுக்கொடுத்த மரக்கட்டைகளுக்கும் கட்டிய கயிறுகளுக்கும் மட்டும் 5,000 டாலருக்கு மேல் செலவாயிற்று. முதற் சரக்கு தன் ஊரைவிட்டுக் கிளம்பிய தொண்ணூற்றைந்து நாட்களுக்குப் பின்னரே கடைசிச் சரக்கு தன் இடம் போய்ச் சேர்ந்தது. ஆன மொத்தச் செலவு 2,37,577 டாலர். அதில் கடற்பயணத்துக்கு ஆனது நூற்றுக்குப் பதினொன்றரைதான். இரு கரைகளிலும் உள்ள துறைமுகங்களில் கரைந்ததோ நூற்றுக்கு முப்பத்தேழு!

சமுத்திரம் கடப்பதற்கு எளிதாகவும், சமுத்திரத்தின் கரை கடப்பதற்கு அரிதாகவும் இருந்த இந்த விசித்திர நிலைக்குப் பரிகாரம் என்ன என்பது எவருக்கும் தெரியாத ரகசியமன்று. சாமான்களைப் பெரிய பெட்டியொன்றில் அடைத்துப் பூட்டி, பெட்டியோடு தூக்கி வைத்தால் வேலை சுருங்கும் என்பது வண்டியோட்டுகிறவனுக்கும் தெரியும். இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் ரயில் கம்பெனிகள் 1920-களிலும் 1930-களிலும் இத்தகைய பெட்டகங்களைக் கையாண்டிருக்கின்றன. இவற்றுக்கென்றே 1933-இல் பாரிஸில் சர்வதேசக் காரியாலயம் ஒன்றும் தோன்றிவிட்டது. அமெரிக்கச் சேனையும் சிறிய எஃகுப் பெட்டிகளை வைத்திருந்தது. ஆகவே, பெட்டகத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்கு உத்தமமான பதில், அதைப் பெரிதாகக் கேட்க வேண்டியதில்லை என்பதே. கேட்கத்தக்க கேள்வி வேறு: நெடுங்காலமாக இருந்த ஒரு பெட்டி, ஒரு தலைமுறைக்குள் உலக வியாபாரத்தின் போக்கையே திருப்பியது எவ்வாறு?

மால்கம் மக்லீன் என்ற பெயர் இங்கே வருகிறது. வட கரோலினாவில் பிறந்து, 1934-இல் லாரித் தொழிலைச் சிறிதாகத் தொடங்கி, அதைப் பெரிய கம்பெனியாக வளர்த்த இம்மனிதர் கப்பல்காரர் அல்லர் என்பது அவருக்கிருந்த பெரிய அனுகூலம். சரக்கை வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுசேர்ப்பதே தொழில் என்றும், கப்பல் என்பது நடுவில் வரும் ஒரு பாலம் என்றும் அவர் நினைத்தார். கப்பலிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அப்படி நினைக்க வரவில்லை. 1955-இல் கப்பல் கம்பெனி ஒன்றை வாங்கினார். லாரியும் கப்பலும் ஒரே கையில் இருப்பதைச் சட்டம் தடுத்தபோது லாரிக் கம்பெனியையே விட்டுவிட்டார். 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி, யுத்தகால எண்ணெய்க் கப்பலைச் சீர்திருத்தி அமைத்த ‘ஐடியல் எக்ஸ்’, 58 பெட்டகங்களை மேல்தளத்தில் சுமந்துகொண்டு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் ஆகிய காலத்தில், இதில் டன்னுக்கு ஆனது ஏறக்குறைய 16 சென்ட். இத்தகைய வித்தியாசத்தைக் கண்ட பின் வாதத்துக்கு இடமேது என்று தோன்றும். வாதம் அதன் பின்னர்தான் ஆரம்பமாயிற்று.

மக்லீனின் பெட்டகம் முப்பத்தைந்து அடி நீளம். அவருடைய லாரிகள் ஓடிய பாதையின் சட்டத்துக்கு அது பொருந்தியது. ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பல் ஓட்டிய மாட்சன் கம்பெனி 1958-இல் இத்தொழிலில் இறங்கியபோது, தன் சரக்கின் தன்மையைக் கணித ஆராய்ச்சி செய்து இருபத்து நான்கு அடியே உசிதம் என்று கண்டது. வெனிசுவேலாவுக்குப் போன மற்றொரு கம்பெனி பதினேழு அடிப் பெட்டகங்களைச் செய்துகொண்டது. அவரவர் கணக்கு அவரவர்க்குச் சரியே. ஆனால் ஒருவர் பெட்டகத்தை மற்றவர் கப்பலில் வைக்க முடியாது, ஒருவர் பளுதூக்கி மற்றவர் பெட்டகத்தைப் பற்றாது. ஊருக்கு ஊர் மரக்கால் வேறாக இருக்கும் நாட்டில் நெல் வியாபாரம் எவ்வளவு தூரம் போகுமோ, அவ்வளவு தூரமே இந்த வியாபாரமும் போயிருக்கும்.

இதைச் சீர்செய்தவர்கள் கமிட்டிக்காரர்கள். கமிட்டியில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஒருவரும் சிலை வைப்பதில்லை. என்னைக் கேட்டால், இந்தச் சரித்திரத்தில் மக்லீனுக்கு அடுத்த ஆசனம் அவர்களுக்கே உரியது. அமெரிக்காவில் 1958 முதல் நடந்த இப்பேச்சுகளில் முன்னின்றவர் ஹெர்பர்ட் ஹால் என்ற ஓய்வுபெற்ற எஞ்சினியர். பெட்டகங்களைச் சுமந்து பழகியவர் அல்லர் அவர். ஆனால் அளவுகளுக்குள் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதில் பிடிவாதமுள்ளவர். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று ஒன்றோடொன்று கூட்டிப் பொருத்தக்கூடிய நீளங்களே வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அகலமும் உயரமும் எட்டடி. அமெரிக்க நெடுஞ்சாலைச் சட்டம் அதற்கு மேல் அகலத்துக்கு இடங்கொடுக்கவில்லை. இரண்டு இருபதடிப் பெட்டகங்கள் ஒரு நாற்பதடியின் இடத்தில் அமர வேண்டும் என்பதற்காக, இருபதடி எனப்படுவதை உண்மையில் ஒன்றரை அங்குலம் குறைத்தே செய்தார்கள். 1961-இல் இவ்வளவுகள் அமெரிக்கப் பிரமாணமாயின. இவற்றுக்குரிய கப்பல்களைக் கட்டினால்தான் மானியம் என்று அரசாங்கமும் அறிவித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாட்டில் மிக அதிகமான பெட்டகங்களை வைத்திருந்த மக்லீன், மாட்சன் கம்பெனிகள் இரண்டும் மானியம் வாங்காதவை. முப்பத்தைந்தும் இருபத்து நான்கும் பிரமாணத்தில் இடம்பெறவுமில்லை, தத்தம் கப்பல்களை விட்டு இறங்கவுமில்லை. சர்வதேசத் தரச் சபை அதே 1961-இல் தன் கமிட்டியை அமைத்து, 1964-இல் பெரும்பாலும் அமெரிக்க அளவுகளையே ஏற்றது.

அளவு ஒத்துவிட்டால் போதாது. பிடி ஒத்துவர வேண்டும். பெட்டகத்தின் எட்டு மூலைகளிலும் எட்டு எஃகு வார்ப்புகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நீள்வட்டத் துளைகள். கப்பலிலோ லாரியிலோ உள்ள பூட்டின் தலையை அத்துளைக்குள் விட்டுக் கால்வட்டம் திருப்பினால், எட்டு மூலைகளும் கீழிருப்பதோடும் மேலிருப்பதோடும் பிணைந்துவிடும். பளுதூக்கியும் மேல்மூலைத் துளைகளைத்தான் பற்றுகிறது. மக்லீனிடம் வேலை பார்த்த கீத் டான்ட்லிங்கர் அமைத்த இந்த யுக்தி அவர் கம்பெனியின் காப்புரிமையாக இருந்தது. போட்டிக்காரர்களோ அதற்குக் கப்பம் கட்ட விரும்பாமல் ஆளுக்கொரு மூலையைச் செய்துகொண்டிருந்தார்கள். 1963-இல் மக்லீன் அந்த உரிமையை எல்லோரும் உபயோகிக்க விட்டுக்கொடுத்தார். தர்மசிந்தையால் செய்தார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். உலகமெல்லாம் ஒரே மூலை வழங்கினால் தம் தொழில் பெருகும் என்பதை அவர் போன்ற வியாபாரி உணராமலிருந்திருக்க முடியாது. எனினும், விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததே.

1965-ஆம் ஆண்டு செப்டம்பரில் சர்வதேசக் கமிட்டி ஹேக் நகரில் கூடியபோது, அமெரிக்கர்களின் மூலைவடிவம் கடைசி நேரத்தில்தான் உருவாகியிருந்தது. முறைப்படி முன்கூட்டி அனுப்ப வேண்டிய வரைபடங்களே கைவசமில்லை. டான்ட்லிங்கர் உட்பட மூன்று அமெரிக்கர்கள் உட்ரெக்டில் இருந்த ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கு ஓடி, டச்சு வரைவாளர்களோடு இரண்டு நாள் இரவு பகலாக உட்கார்ந்து படங்களை வரைந்து வந்தார்கள், கமிட்டியும் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட வடிவம் மறு ஆண்டுச் சோதனைகளில் பாரம் தாங்காமல் தோற்றது. எஞ்சினியர்கள் மீண்டும் லண்டனில் கூடி எஃகைக் கனப்படுத்தினார்கள். 1967-இல் மாஸ்கோவில் இறுதி ஒப்புதல் கிடைப்பதற்குள், பழைய வடிவத்தை நம்பிச் செய்த பெட்டகங்களின் மூலைகளை மாற்ற வேண்டியதாயிற்று. அன்று தீர்மானித்த மூலைதான், சில்லறைத் திருத்தங்களோடு, இன்றும் எல்லாக் கடல்களிலும் வழங்குகிறது.

இதற்குள் அட்லாண்டிக்கில் பெட்டகக் கப்பல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. வியட்நாம் யுத்தம் மற்றொரு வாசலைத் திறந்தது: 1967 முதல் காம் ரான் குடாவுக்கு ராணுவச் சரக்கு கொண்டுபோன மக்லீனின் கப்பல்கள் வெறும் பெட்டகங்களோடு திரும்பின, அவை வழியில் ஜப்பானைத் தொட்டு வந்தால் அந்நாட்டுச் சாமான்களை நிரப்பிக்கொள்ளலாமே என்று அவர் கண்டது, கிழக்காசியத் தொழில்களுக்கு அமெரிக்கச் சந்தையின் கதவைத் திறந்த காரணங்களுள் ஒன்று. சிங்கப்பூரில் 1972-இல் பெட்டகத்துறை திறந்தது. 1973-இல் கொச்சிக்கு முதல் பெட்டகக் கப்பல் வந்தது. இந்தியாவில் பெட்டகத்துக்கென்றே தனித்துறை சென்னையில் 1983-இல் அமைந்தது.

ஆனால் கரையில் நின்று சுமந்தவர்களை மறந்து இதைப் பேசுவது நியாயமாகாது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் என்ற தொழிற்சங்கத் தலைவர், இயந்திரம் வருவதைத் தடுக்க முடியாது, அதற்கு விலை பெறத்தான் முடியும் என்று தெளிந்து, 1960-இல் கம்பெனிகளிடமிருந்து 2 கோடியே 90 லட்சம் டாலர் தொகைக்கு உடன்பாடு கண்டார். பழைய தொழிலாளிகளுக்கு வேலைக்காப்பும் முன்கூட்டிய ஓய்வூதியமும் கிடைத்தன. கிழக்குக் கரையில் நெடிய வேலைநிறுத்தங்களுக்குப் பின்னரே அத்தகைய ஏற்பாடு வந்தது. லண்டனில், டில்பரியின் புதிய பெட்டகத்துறையைத் தொழிற்சங்கம் தடைசெய்துவைத்த காலத்தில், சங்கத்தின் பிடி இறுகாத சிறு துறையான பீலிக்ஸ்டோ செழித்து வளர்ந்தது. லண்டனின் புராதனத் துறைகளோ ஒவ்வொன்றாக மூடின: கிழக்கிந்தியத் துறை 1967-இல், செயின்ட் கேதரின் 1968-இல், பெரிய ராஜத் துறைகள் 1981-இல். தந்தைக்குப் பின் மகன் என்று வழிவழியாகச் செய்துவந்த தொழில், கப்பலின் வயிற்றில் எதை எங்கே வைத்தால் புயலிலும் அசையாது என்ற அந்த அபூர்வ ஞானம், ஒரே தலைமுறையில் பிரயோஜனமற்றுப் போயிற்று. சரக்கு மலிவானது உண்மை. அந்த மலிவுக்குப் பணம் கட்டியவர்களின் பட்டியலில் இவர்கள் பெயரும் உண்டு.

கமிட்டிக்காரர்களை மெச்சினேன், அவர்கள் விட்டுவைத்த கோணலையும் சொல்லத்தான் வேண்டும். உயரம் எட்டடியாக நிலைக்கவில்லை. எட்டரைக்கும், பிறகு ஒன்பதரைக்கும் ஏறிற்று. பத்தடியும் முப்பதடியும் அருகிப்போயின. நாற்பதடிப் பெட்டகங்களே கடலை நிறைத்திருக்க, கப்பலின் கொள்ளளவை இன்னமும் இருபதடிக் கணக்கிலேயே பேசுகிறார்கள். அகலமோ, அமெரிக்க நெடுஞ்சாலை பழைய நாளில் அனுமதித்த எட்டடியிலேயே நின்றுவிட்டது. சுவர்களின் கனம் போக, பெட்டகத்தின் உள்ளகலம் சுமார் இரண்டு மீட்டர் முப்பத்தைந்து சென்டிமீட்டர். ஐரோப்பாவில் சரக்கை அடுக்கும் மரப்பலகைத் தட்டோ 1.2 மீட்டர் நீளமும் 0.8 மீட்டர் அகலமும் உள்ளது. இரண்டு தட்டுகளைப் பெட்டகத்தின் குறுக்கே நீளவாட்டில் அடுத்தடுத்து வைக்க இரண்டு மீட்டர் நாற்பது வேண்டும்; ஐந்து சென்டிமீட்டர் குறைகிறது. ஆகவே தட்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்து, இருபதடிப் பெட்டகத்தில் பதினொன்றைச் சேர்த்து, மிச்ச இடத்தைக் காலியாக விட்டே அனுப்புகிறார்கள். ஐரோப்பாவுக்குள்ளேயே ஓடும் கப்பல்களுக்கென்று சற்று அகலமான பெட்டகங்களைத் தனியாகச் செய்துகொண்டும் இருக்கிறார்கள்.