பழைய மடிக்கணினியும் புதிய பைத்தனும்: ஊவாத் தோட்டப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பதுளையில் வார இறுதி நாட்களில் தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பைத்தன் செய்நிரலாக்கம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலி-எல, தெமோதரைப் பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சேர், நாங்க படிச்சது பழசாகிப் போச்சா?"

கேள்வி நியாயமானது. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைத்தன் இருக்கிறது. தமிழ்மொழி மூலமே படிக்கலாம். தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு நிரல் எழுதும் உலகத்துக்குள் நுழைய முதலில் திறக்கும் கதவு பெரும்பாலும் இதுதான். ஆனால் பாடத்திட்டம் ஒருமுறை அச்சானால் பல வருடங்களுக்கு அப்படியே இருக்கும். மொழி அப்படி இல்லை. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரில் பைத்தனின் புதிய பதிப்பு வெளியாகிறது. 2023இல் 3.12, 2024இல் 3.13, 2025இல் 3.14. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்து வருட ஆதரவு உண்டு. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. 3.9க்கு அந்தக் காலம் 2025 ஒக்டோபரில் முடிந்தது.

இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மாறி, நிபந்தனை, மடக்கு, சார்பு, பட்டியல், அகராதி என்று பாடசாலையில் படித்த எதுவும் பழசாகவில்லை. மாறுவது அவற்றைச் சுற்றியிருக்கும் கருவிகளும் நூலகங்களும்தான். உண்மையில் பழசாகிப்போனது பைத்தன் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியுடன் நின்றுவிட்டது. ஆனாலும் அந்தக் காலத்துப் பாடங்கள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன. 'பிரின்ட்' கட்டளைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லையென்றால் அந்தப் பாடத்தை மூடிவிடுங்கள். அடையாளம் காண அது ஒன்றே போதும்.

எங்கள் பக்கத்தில் முதலில் இடறுவது கணினியிலேதான். வெளிநாட்டு உறவுகளும் நலன்விரும்பிகளும் அன்பளிப்பாகக் கொடுக்கும் மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பைத்தன் 3.9உம் அதற்குப் பின் வந்த பதிப்புகளும் விண்டோஸ் 7இல் இயங்காது. அங்கே நிறுவக்கூடிய கடைசிப் பதிப்பு 3.8. அதன் ஆதரவும் 2024 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. பிள்ளை இணையத்தளத்துக்குப் போய் ஆகப் புதியதைத் தரவிறக்குவாள். அது நிறுவப்படாது. தன்னில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வாள். குறை கணினியில். அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி நிறுவினால், 64 பிட் செயலியும் 4 ஜிபி நினைவகமும் உள்ள பழைய மடிக்கணினியிலும் இன்றைய பைத்தன் ஓடும். வன்னியில் கணினி அறை நடத்துபவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் இங்கிருந்து போய் வன்னியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளிடமிருந்தும் எனக்கு இதே கேள்விதான் வருகிறது.

அடுத்த சிக்கல் நூலகங்கள். தரவுகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தில், அட்டவணை ஒன்றின் அடியில் புதிய வரிசை சேர்க்க 'அப்பென்ட்' என்ற வழி இருந்தது. 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 'கொன்கட்' பயன்படுத்த வேண்டும். யூடியூபில் பழைய காணொளியைப் பார்த்து எழுதியவருக்கு அப்படியே பிழைச்செய்தி வரும். அந்தச் செய்தியின் கடைசி வரியை நிதானமாக வாசியுங்கள் என்பதுதான் நான் கொடுக்கும் முதல் பயிற்சி. ஆங்கிலம் என்று அதைத் தாண்டிப் போகிறார்கள். அந்த ஒரு வரியில் இருப்பது பெரும்பாலும் பத்துச் சொற்களுக்குள்தான்.

வேலைக்கு வேலை தனித்தனிச் சூழல் வைத்துக்கொள்வதும் பழக்கமாக வேண்டும். 'வென்வ்' என்ற கருவி 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே பைத்தனுடன் கூடவே கிடைக்கிறது. ஒரு வேலைக்குப் பழைய பாண்டாஸும் இன்னொன்றுக்குப் புதியதும் தேவைப்பட்டால் இரண்டும் மோதிக்கொள்ளாது. 2024 பெப்ரவரியில் ஆஸ்ட்ரல் நிறுவனம் வெளியிட்ட 'யூவி' இதையே மிக வேகமாகச் செய்கிறது. பைத்தன் பதிப்புகளையும் அதுவே இறக்கித் தரும். நல்ல கருவிதான். ஆனாலும் வென்வையும் 'பிப்'பையும் கையாளத் தெரிந்த பிறகு அதற்குப் போவதே நல்லது.

டேட்டா விடயத்துக்கு வருகிறேன். லயன் வீடுகளில் சிக்னல் கிடைக்கும் இடம் சிலவேளை வாசற்படி ஒன்றுதான். கிடைத்தாலும் டேட்டா கார்டுக்குப் போகும் காசு கொழுந்துக் காசு. ஆகவே நகரத்தில் வைஃபை கிடைக்கும் நாளில் பிப்பின் 'டவுன்லோட்' கட்டளையால் தேவையான பொதிகளை ஒரு கோப்புறைக்குள் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோகச் சொல்கிறேன். வீட்டில் இணையம் இல்லாமலே அந்தக் கோப்புறையிலிருந்து நிறுவலாம். ஒன்றைக் கவனியுங்கள்: நம்பை, பாண்டாஸ் போன்ற பொதிகள் பைத்தன் பதிப்புக்கும் இயங்குதளத்துக்கும் பொருந்த வேண்டும். நகரத்துக் கணினியில் 3.13உம் வீட்டில் 3.11உம் இருந்தால், இறக்கியது வீட்டில் உதவாது. எந்தப் பதிப்புக்கு உரியது என்பது கோப்பின் பெயரிலேயே இருக்கும். பைத்தனின் முழு ஆவணத் தொகுப்பையும் இதேபோல் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு பதிப்புக்கும் 'என்ன புதிது' என்றொரு பக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அதை வாசித்தால் பாதி வேலை முடிந்தது. வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் வரும் 'பைகோடர்ஸ் வீக்லி' இலவசம். வெறும் எழுத்து என்பதால் டேட்டாவையும் தின்னாது. தமிழில் வாசிக்க விரும்புவோருக்குக் கணியம் தளம் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளத்தில் பைத்தன் பாடநெறிகளை இலவசமாகப் படித்துச் சான்றிதழும் பெறலாம். பதுளையிலேயே 2005இல் தொடங்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானப் பட்டப்படிப்பும் இருக்கிறது. தேயிலை மலையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம்தான்.

தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தனியாக உண்டு. 'பதுளை' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தன் 3 ஐந்து என்று சொல்லும். எழுத்துகளோ மூன்று. துணைக்கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளை அது தனித்தனியாக எண்ணுகிறது. பைத்தன் 2 இதற்குப் பதினைந்து என்று சொல்லிக்கொண்டிருந்தது! பெயர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தினாலும் 'ன' போய் 'ந'வுக்கு அடுத்து நிற்கும். இவற்றுக்காகவே 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச நூலகத்தை எம்மவர்கள் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். விண்டோஸில் தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 குறிமுறை என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுத்துகள் சிதைந்து வரும். 3.15 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாக இருக்கும் என்று முடிவாகியிருக்கிறது.

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சிகளில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அம்மாவின் சம்பளச் சிட்டை. 2024இல் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 17 நாள் வேலை செய்தால் 22,950 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 வீதம், அதாவது 1,836 ரூபா. தொழில்தருநரின் பங்கு 12 வீதம், 2,754 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் தனியாக 3 வீதம், 688 ரூபா 50 சதம் செலுத்த வேண்டும். இருபது வரிகளில் இதை எழுதிவிடலாம். சாதாரணத் தசமத்தில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் பைத்தன் 0.30000000000000004 என்று காட்டும். காசுக் கணக்குக்கு 'டெசிமல்' பயன்படுத்த வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். இது எந்தப் பதிப்பிலும் மாறாத பாடம். தன் சிட்டையிலுள்ள கழிவுகளை மகள் வாசித்துச் சொல்ல, இது எதற்கு, அது எதற்கு என்று முதல்முறையாகக் கேட்ட தாய்மார் உண்டு.

இன்னொரு பயிற்சி மழைமானிக் கணக்கு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடிய நாளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்குமாறு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. தோட்டத்தில் எடுக்கும் அளவுகளைப் பாண்டாஸில் ஏற்றி, தொடர்ந்து வரும் 24 மணித்தியாலக் கூட்டுத்தொகையைப் பார்க்கிறோம். இது படிப்புக்கு மட்டும். வெளியேறச் சொல்லி உத்தியோகபூர்வ அறிவித்தல் வந்தால் கணினியை மூடிவிட்டு வெளியேற வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பிழைச்செய்தியைத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்ல அவை நல்லவை. ஆனால் நீக்கப்பட்ட பழைய வழிகளையும், சிலவேளை இல்லவே இல்லாத நூலகப் பெயர்களையும் கூசாமல் எழுதித் தருகின்றன. தெரியாத பெயரில் ஒரு பொதியை நிறுவுமுன் அதன் அதிகாரபூர்வப் பக்கத்தைப் பாருங்கள். அப்படிப்பட்ட பெயர்களில் தீய நிரல்களைப் பதிவேற்றி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

வேலை தேடும் கட்டத்தில் இருப்பவர்கள் இவற்றோடு 'கிட்'டையும் கற்றுக்கொள்ளுங்கள். நேர்முகத்தில் சான்றிதழுக்கு அடுத்ததாகக் கேட்பது கிட்ஹப் கணக்கைத்தான். சம்பளச் சிட்டை நிரலையே அங்கே போடலாம். அம்மாவின் பெயரையும் சேமலாப நிதி இலக்கத்தையும் மட்டும் முதலில் அழித்துவிடுங்கள்.