உயிரணுக் கொள்கை

உயிரணுக் கொள்கை அல்லது கலக் கொள்கை என்பது உயிரினங்கள் அனைத்தும் உயிரணுக்களால் ஆனவை எனக் கூறும் உயிரியல் கோட்பாடு ஆகும். படிவளர்ச்சிக் கொள்கையைப் போன்று இதுவும் உயிரியலை ஒருங்கிணைக்கும் கருத்துக்களுள் ஒன்று. பாக்டீரியா, ஆலமரம், யானை ஆகியவற்றை ஒரே அறிவியலின் கீழ் ஆராய இது வழிவகுக்கின்றது.

அடிப்படைக் கூற்றுக்கள்

* உயிரினங்கள் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட உயிரணுக்களால் ஆனவை.
* உயிரணுவே உயிரின் அமைப்பிற்கும் செயற்பாட்டிற்கும் அடிப்படை அலகு.
* உயிரணுக்கள் முன்னரே உள்ள உயிரணுக்களில் இருந்தே தோன்றுகின்றன.

வரலாறு

1665 இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து சிறு அறைகளைக் கண்டார். அவர் கண்டவை இறந்த உயிரணுக்களின் சுவர்களே. தாவரங்கள் உயிரணுக்களால் ஆனவை என 1838 இல் மத்தியாஸ் ஷ்லைடனும், விலங்குகளும் அவ்வாறே என 1839 இல் தியோடோர் சுவானும் கூறினர். ஆயினும், படிகங்கள் உருவாவது போன்று வடிவற்ற பொருள் திரண்டே புதிய உயிரணுக்கள் தோன்றுகின்றன என இருவரும் கருதினர்.

இக்கருத்தை மறுத்தவர் ராபர்ட் ரேமாக். கோழி, தவளை ஆகியவற்றின் கருக்களை ஆராய்ந்த அவர், உயிரணுக்கள் பிரிவதனாலேயே பெருகுகின்றன என 1852 இல் எழுதினார். 1855 இல் ருடால்ஃப் விர்ச்சோ இக்கருத்தை முன்வைத்த பின்னரே அது பரவலாக ஏற்கப்பட்டது. பெருமையும் பெரும்பாலும் அவருக்கே சேர்ந்தது. யூதரான ரேமாக்குக்குப் பிரசியாவில் முழுப் பேராசிரியர் பதவி இறுதிவரை கிடைக்கவில்லை.

வரம்புகள்

தீநுண்மங்கள் உயிரணுக்களால் ஆனவை அல்ல. பிற உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகுகின்றன. எனவே அவற்றை உயிரினங்களாகக் கொள்ளலாமா என்பது விவாதத்திற்கு உரியது. புவியின் முதல் உயிரணுவிற்கு முன்னோடி உயிரணு இருந்திருக்க முடியாது என்பதால், மூன்றாம் கூற்று அதன் தோற்றத்திற்குப் பொருந்தாது.