குளிசையை விடும் முறை

கல்முனைக்கு மேற்கே, நீர்ப்பரப்பைக் கடந்தால் நாவிதன்வெளி. வடகீழ்ப் பருவமழை வலுத்து வெள்ளம் இறங்கும் நாள்களில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலாக நீர் பாயும், போக்குவரத்து நின்றுவிடும். சந்தைக்குப் போவோரும் கந்தோருக்குப் போவோரும் கரையிலே காத்திருப்பர். மனச்சோர்வுக்காகக் கல்முனையில் மாதந்தோறும் மருந்து பெறும் ஒருவரும் அவர்களுள் இருக்கக்கூடும். அவருடைய குளிசைகள் தீர்ந்து மூன்று நாள்கள் ஆயின என்று வைத்துக்கொள்வோம். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, உறக்கத்தில் கொடுங்கனவுகள் வருகின்றன. கண்ணை அசைத்தால் தலைக்குள் மின்சாரம் தாக்கினாற்போன்ற அதிர்ச்சி. “மருந்து நின்றது, வருத்தம் திரும்பிவிட்டது” என்று வீட்டார் முடிவு கட்டுவர். இம்முடிவு பெரும்பாலும் பிழையென்பது 1959ஆம் ஆண்டிலேயே ஏட்டில் ஏறிவிட்டது. ஏறியும் அது மறக்கப்பட்டது.

இம்மருந்துகளின் பிறப்பே தற்செயலானது. 1952இல் நியூயோர்க் நகரத்து ஸ்டாட்டன் தீவில், காசநோயாளருக்கு இப்ரோனியசிட் என்னும் மருந்து கொடுக்கப்பட்டபோது, நெடுநாள் படுக்கையிற் கிடந்தோர் உற்சாகம் கொண்டனர். சுவிற்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் வைத்தியசாலையில் ரொலாண்ட் கூன் என்பார், வேறொரு மனநோய்க்கெனத் தரப்பட்ட இமிப்பிரமீன் என்ற மருந்தை 1956இல் மனச்சோர்வுற்றோருக்குக் கொடுத்துப் பார்த்தார், பலர் தேறினர். அடுத்த ஆண்டு சூரிச் நகரிற் கூடிய உலக மாநாட்டில் அவர் அதைப் பற்றிப் பேசியபோது கேட்டிருந்தோர் ஏறக்குறைய பன்னிருவரே. (அந்த வைத்தியசாலையிலே நோயாளரின் சம்மதம் பெறாமலே பரிசோதனைகள் நடந்தன என்பதை 2019இல் வெளியான ஆய்வொன்று வெளிப்படுத்தியது, அது தனியே சொல்லவேண்டிய கதை.)

மருந்து சந்தைக்கு வந்து ஓரிரு ஆண்டுகளே சென்றிருந்தன. 1959இல் மான், மக்பேர்சன் என்னும் இருவர் கனடா நாட்டு மருத்துவச் சஞ்சிகையொன்றில், இமிப்பிரமீனைத் திடீரென நிறுத்தியோருக்குப் புதிய உபாதைகள் தோன்றுவதைக் குறித்தனர். 1961இல் கிரேமர், கிளைன், பிங்க் ஆகிய மூவர் அமெரிக்காவில் 45 நோயாளரைக் கவனித்து, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குமட்டலும் தலைச்சுற்றும் தசைநோவும் அடைந்ததை எழுதினர். மருந்துக்குப் பழகிய உடல், அது சட்டென்று இல்லாதொழிந்ததை ஆற்றாமல் கூவிய கூச்சல் அது. மதுவுக்கும் அபினுக்கும் அடிமைப்பட்டோரின் ஏக்கம் இங்கே இல்லை. ஆயினும் உடலின் பழக்கம் உண்டு.

பின்னர் வந்த புதிய மருந்துகளின் புகழிலே இவ்வறிவு மங்கிற்று. 1987இன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புளுஒக்செற்றீன் உடலிலிருந்து மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் அகலுவது. ஆதலால் அதனை விடுவோர் அவ்வளவாகத் துன்புறுவதில்லை. அதற்குப் பின் வந்த பரொக்செற்றீனோ ஒரு நாளிலேயே பாதியாகக் குறைந்துவிடும். அதனை விட்டோர் பெரிதும் அல்லலுற்றனர். 1996இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் நிபுணர்கள் கூடி இந்நிலைக்கு “நிறுத்தற் குறிகள்” என்று பொருள்படும் மென்மையான பெயரொன்றை வழங்கினர். கூட்டத்துக்குப் பணம் தந்தது புளுஒக்செற்றீனை விற்ற கம்பனி! 2004இல் வெளியான பிரித்தானிய வழிகாட்டி, இவ்வுபாதை சாதாரணமானது, ஒரு வாரத்தளவில் தானே தீரும் என்றது. மாதக்கணக்கில் வருந்தியவர்கள் சொன்னதை நம்புவாரில்லை. பலருக்குப் பழைய நோய் மீண்டதென்று கூறி, உதவாத அதே மருந்தை மறுபடியும் கொடுத்தனர். அவ்வழிகாட்டியின் வாசகம் 2019 ஒக்டோபரிலேதான் திருத்தப்பட்டது.

அதே 2019இல் மார்க் ஹொரோவிற்ஸ், டேவிட் ரெயிலர் இருவரும் எழுதிய கட்டுரை, குறைக்கும் முறையிலே நெடுங்காலம் மறைந்திருந்த பிழையைக் காட்டிற்று. வறண்ட வயலுக்குப் பாயும் முதல் நீரே மண்ணை நனைத்துவிடும். பின்னர்ப் பாய்வதிற் பெரும்பகுதி வரம்பு கடந்து ஓடும். மருந்தின் வேலையும் அத்தகையது. சித்தலோபிராம் 20 மில்லிகிராம், மூளையில் அது பற்றும் இடங்களில் ஏறக்குறைய 80 வீதத்தைப் பிடிக்கிறது. 9 மில்லிகிராமாகக் குறைத்தாலும் 70 வீதம் நிற்கும். ஒன்றரை மில்லிகிராமிலும் 30 வீதம் நிற்கும். ஆகவே பாதியாகக் குறைக்கும் முதற்படி இலேசு. கடைசிச் சிறு துண்டை விடும் படியே செங்குத்தானது. பலர் இதற்கு நேர்மாறாக, ‘இனி என்ன, இவ்வளவுதானே’ என்று அங்கேதான் அவசரப்பட்டனர்.

இதனால் யாவரும் வருந்துவர் என்று அஞ்சுவதும் மிகை. 2024இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு, போலிக்குளிசையை விட்டோரையும் ஒப்புநோக்கி, மருந்தினாலேயே உபாதை அடைவோர் ஏறத்தாழ எழுவரில் ஒருவர் என்றும், கடுமையாக வருந்துவோர் 35 பேரில் ஒருவர் என்றும் கணித்தது. அந்த ஒருவர் யாரென முன்கூட்டித் தெரியாமையால் எல்லாரும் படிப்படியாக இறங்குவதே தகும்.

உதவாத மருந்தை வைத்திருக்கவேண்டுமென்பதில்லை. ஆனால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதன் பின்னும் பயனில்லையேல் வைத்தியர் அளவை மாற்றுவார், வேறொன்றுக்கு மாற்றுவார், அல்லது நிறுத்துவார். சில மருந்துகளை விட்டபின் வாரக்கணக்கில் இடைவெளி விடாமல் வேறு சிலவற்றைத் தொடங்குதல் உயிருக்கே ஆபத்து. அயலவரின் குளிசை அயலவருக்கே இருக்கட்டும். விட்ட சில நாள்களுக்குள், முன்னில்லாத தலைச்சுற்றும் மின்னதிர்ச்சியும் தோன்றி, மருந்தை மீண்டும் எடுத்ததும் விரைவில் தணிந்தால் அது நிறுத்தியதன் விளைவு. பழைய துயரமே வாரங்கள் சென்று மெல்லத் திரும்பினால் அது நோய். சாக வேண்டுமென்ற எண்ணம் எழுமாயின், காரணம் எதுவாயினும், அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும்.

1926இல் திறக்கப்பட்ட அங்கொடை வைத்தியசாலை கொழும்புக்கருகே இருந்தது. கிழக்குக் கரையார்க்கு அது எட்டாத தூரம். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி அம்பாறைக் கரையை வாரிக்கொண்டு சென்றபின், 2005இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலக் கொள்கை இச்சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுவர முயன்றது. ஒல்லாந்தில், நாளுக்கு நாள் சிறுத்துச்செல்லும் குளிசைகளைச் சுருளாக அடைத்துத் தரும் முறையும் தோன்றியிருக்கிறது. அச்சுருள் கிடைக்காத ஊரில், எந்தக் குளிசையை வெட்டலாம், எதை வெட்டலாகாது, எதற்குத் திரவ வடிவம் உண்டு என்பதை வைத்தியரிடமோ மருந்தாளரிடமோதான் கேட்டறியவேண்டும். தாம்போதியை வெள்ளம் மூடுவதற்கு முன், கைவசமுள்ள குளிசை எத்தனை நாளைக்குப் போதுமென்று எண்ணிப் பார்ப்பதும் அந்தச் சந்திப்பிலேயே பேசவேண்டிய காரியம்.